விடுதி கட்ட வைத்த மொய் விருந்து

நாட்டில் வட்டி மிக மலிவாக இருந்த காலத்தில்தான் என் தங்கை கணவர் மாணவியர் விடுதி கட்டக் கையெழுத்துப் போட்டார். அது 2021 கார்த்திகை. கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து கல்லூரிகள் திறந்திருந்தன. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மைய வங்கி அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் வட்டியை நான்கு சதவீதத்துக்கு இறக்கிவிட்டு, அதன் பிறகு தொடவே இல்லை. இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்துக்கு நடந்தது எல்லாம் ஒரு தேதி இன்னொரு தேதிக்காகக் காத்திருக்காததால் நடந்தது.

ஆவுடையார்கோவில் போகும் சாலையில் ஒரு கல்லூரி. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெண்கள் தங்க அங்கே இடம் இல்லை. அரசிடம் நிலம் இருந்தது, கட்டப் பணம் இல்லை. ஆகவே நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு அரசு தரும். தனியார் ஒருவர் கட்டி, நடத்தி, குத்தகை முடிந்ததும் கட்டடத்தோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். செலவில் ஒரு பங்கு அரசின் மானியம். அந்த மானியத்தில் பெரும்பகுதி, கட்டடம் முழுதாக முடிந்தது என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே வரும். மீதி வங்கிக் கடன். கடனுக்கு ஈடாக அவர் எழுதிக் கொடுத்தது ஆலங்குடிப் பக்கம் இருந்த தென்னந்தோப்பையும் அதற்குள் இருந்த வீட்டையும். கல்யாணமான நாளிலிருந்து என் தங்கை வாழ்ந்த வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வேறு வீடும் இல்லை.

என் தங்கை கணவர் போர்வெல் லாரி வைத்துச் சம்பாதித்தவர். பள்ளிக்கூடங்களுக்கு இரண்டொரு வகுப்பறை கட்டிக் கொடுத்த பழக்கமும் உண்டு. பேச்சில் யாரையும் உட்கார வைத்துவிடுவார். பிறகு எழுந்திருக்க விடமாட்டார்.

வங்கியில் கையெழுத்தாகும் அன்று என்னைச் சாட்சிக்குக் கூட்டிப் போயிருந்தார். மேலாளர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார்.

"சார், ரெண்டு வழி இருக்கு. மாறாத வட்டின்னா இப்பவே கொஞ்சம் கூட வரும். மாறுற வட்டின்னா இன்னைக்கு உள்ள ரேட்டு. மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாப்போம். ஏறுனா ஏறும், எறங்குனா எறங்கும்."

நான் சொன்னேன்: "மாப்பிள்ளை, இதுக்குக் கீழ எறங்க எடமில்ல. இனிமே ஏறத்தான் செய்யும். மாறாததையே எடுத்துக்கங்க."

அவர் மேலாளரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க மச்சானுக்கு எந்தக் கோயில எந்த ராசா எந்த வருசம் கட்டுனான்னு தெரியும் சார். சொந்தமா ஒரு கோழிக்கூண்டு கட்டுனதில்ல."

மேலாளர் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மாறும் வட்டியில் கையெழுத்தானது.

அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் வேறொரு கணக்கு இருந்தது. மாணவியரிடம் வாங்கும் கட்டணத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். பிள்ளைகளைக் காப்பாற்ற வைத்த விதி அது, நியாயமான விதி. ஆனால் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். கட்டணம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். நடுவில் இருக்கும் தூரத்தை யார் நடப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. எழுதவில்லை என்றால் கட்டுகிறவர்தான் நடக்க வேண்டும்.

அவர் இதைக் கவனிக்காததற்கு முட்டாள்தனம் காரணம் அல்ல. அவர் வளர்ந்த ஊரின் வழக்கம் அப்படி. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கங்களில் ஆடியும் ஆவணியும் மொய் விருந்துக் காலம். பணம் தேவைப்படுகிறவர் கிடா வெட்டி ஊரை அழைப்பார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் போய், வாங்கியதையும் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டியும் எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். பத்திரம் கிடையாது, ஈடு கிடையாது, வட்டி என்ற பேச்சே கிடையாது. திருப்பி எழுதாதவன் அந்த ஊரில் டீ குடிக்க முடியாது, அவ்வளவுதான். அவர் முதல் லாரி வாங்கியது மொய்ப் பணத்தில். இரண்டாவது லாரியும் அப்படியே. அவர் கண்ட பெரும்பணம் எல்லாம் வருடக்கணக்கில் அசையாமல் தூங்கும் பணம். ராத்திரியில் வளரும் பணத்தோடு அவருக்குப் பழக்கம் இல்லை.

2022 மே முதல் வாரத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு பிற்பகலில், மைய வங்கி வட்டியை ஏற்றியது. விடுதிக்கு அப்போது தூண்கள் எழும்பியிருந்தன. ஜூனில் மறுபடி ஏற்றியது. ஆகஸ்டில், செப்டம்பரில், டிசம்பரில். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆறரையில் போய் நின்றது. ஒவ்வொரு ஏற்றமும் சில வாரம் கழித்து அவருடைய போனுக்குக் குறுஞ்செய்தியாக வந்தது. முதல் இரண்டை என்னிடம் காட்டினார். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டார். கம்பி விலையும் சிமெண்ட் விலையும் ஏறின. முதல் மாடிக்குச் சுவரும் கூரையும் எழும்பியதோடு பணம் தீர்ந்தது.

வருமானம் வரட்டும் என்று 2023 ஜூனில் தரைத்தளத்தை மட்டும் திறந்தார். தற்காலிக அனுமதி. மூன்று பேர் படுக்கும் அறையில் ஐந்து கட்டில் போட்டு ஏழெட்டுப் பேரைப் படுக்க வைத்தார். கொசுவலை கொடுப்பதாகச் சொன்னது நின்றது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. வட்டி ஏறியபோதெல்லாம் அந்தப் பெண்களின் தட்டில் ஏதோ ஒன்று குறைந்தது. எதனால் குறைந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை நான் அங்கே இருந்தபோது ஜெகதாப்பட்டினத்துப் பெண் ஒருத்தி அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். அவளுடைய அப்பா போன விசைப்படகை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் இலங்கைச் சிறையில். பருவக் கட்டணத்துக்குத் தவணை கேட்டாள்.

"எங்க அப்பா வந்ததும் கட்டிருவோம் அய்யா."

"ஒங்க அப்பா வர்ற வரைக்கும் என் வட்டி கரையில நின்னு வேடிக்கை பாக்குமாம்மா? திங்கக்கெழம கட்டு. இல்லாட்டி பெட்டிய எடுத்துக்க."

"எங்க அப்பாவ புடிச்சுட்டுப் போனவங்க கூட ஒரு ஆளுக்கு ஒரு பாய் குடுத்துருக்காங்களாம் அய்யா. இங்க ரெண்டு கட்டில்ல மூணு பேரு படுக்குறோம்."

அவர் முகம் கறுத்தது. "அப்பன அங்க விட்டுட்டு வாய மட்டும் கொண்டாந்துருக்கா பாருங்க மச்சான்" என்றார். திங்கட்கிழமை காலை அவளுடைய தகரப் பெட்டி வாசலுக்கு வெளியே, மணல் குவியலின் மேல் இருந்தது. சமையற்காரம்மாதான் அதைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக் கொடுத்தாள். இதை என் தங்கையிடம் சொன்னேன். "ஒரு பொண்ண வெளிய தள்ளுனா என் வீடு நிக்கும்னா, இன்னும் பத்து பேரத் தள்ளட்டும்" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. வட்டி அவளையும் எட்டியிருந்தது.

சான்றிதழுக்கு மூன்று வேலைகள் பாக்கி: பெண்கள் விடுதி என்பதால் சுற்றுச்சுவர், தீ விபத்துக்கு வெளிப்படிக்கட்டு, மாடிக்குத் தண்ணீர்க் குழாய். இவை முடிந்தால் சான்றிதழ். சான்றிதழ் வந்தால் மானியம். மானியம் வந்தால் கடனில் பாதிக்கு மேல் அடைந்துவிடும், அதற்கப்புறம் வட்டி எந்த உயரத்தில் இருந்தாலும் தாங்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்தார். தவணை மட்டும் இரண்டு மாதமாக நின்றிருந்தது.

"மொய் விருந்து வைக்கப் போறேன்" என்றார்.

அவர் முறைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. முறைக்கு முந்தி வைப்பது எங்கள் பக்கத்தில் கடன்காரன் என்று கழுத்தில் எழுதித் தொங்கவிட்டுக்கொள்வது மாதிரி. ஆனாலும் ஆவணி இரண்டாம் ஞாயிறு வைத்தார். சாலை நெடுக பிளெக்ஸ் போர்டு. விடுதியின் படத்தை, முடியாத மாடியையும் முடித்து வரைந்து, அதன் முன்னால் அவர் கைகூப்பி நிற்பது போல.

கூட்டம் வந்தது. வராமல் இருக்க முடியாது. அவருக்குத் திருப்பி எழுத வேண்டியவர்கள் இருந்தார்கள். வந்தவர்கள் கறியையும் தின்று, வார்த்தையையும் வைத்துவிட்டுப் போனார்கள். நான் பந்தி விசாரித்துக்கொண்டு நடந்தேன்.

"போன விருந்து எலையே இன்னும் காயல. அதுக்குள்ள அடுத்ததா?"

"கொழம்பு பிரமாதம்ங்க. ஆஸ்டல் புள்ளைகளுக்கு மட்டும் ஏன் தண்ணியாம்?"

"அதுக மொய் எழுதாதுகள்ல."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் காதில் விழுந்தது. "எலைக்கு இன்னும் ரெண்டு துண்டு போடுங்கப்பா, பெரியவருக்குப் பல்லுதான் இல்ல, வாயி இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு அந்த நேரத்திலும் கேலி வந்தது.

பந்தல் வாசலில் மொய் எழுதும் மேசைகளுக்குப் பக்கத்தில் வங்கியின் மேசை. பெரிய விருந்துகளில் வங்கிக்காரர்கள் வந்து நோட்டு எண்ணும் இயந்திரம் வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கம் இப்போது வழக்கம். கள்ள நோட்டுப் பயம் இல்லை, திருட்டுப் பயம் இல்லை, அன்றைக்கே கணக்கில் ஏறிவிடும். மேலாளர் தாமே வந்திருந்தார். வேட்டி கட்டி வந்திருந்தார். சாப்பிட்டார். கைகழுவிவிட்டு மேசைக்கு வந்து, தம் சட்டைப் பையிலிருந்து ஐயாயிரம் எடுத்து மொய் எழுதினார். ஒலிபெருக்கியில் அவர் பதவியைச் சொல்லி அறிவித்தார்கள்.

என் தங்கை கணவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கண் நனைந்திருந்தது.

"பாத்தீங்களா மச்சான்? அன்னைக்கு அவரு பேங்கு. இன்னைக்கு நம்ம ஆளு."

"மாப்பிள்ளை, வசூலக் கொண்டுபோயி வேற பேங்குல போடுங்க. தவணை நிக்கிற எடத்துல போடாதீங்க."

"மொய் எழுதுன மனுசன் அந்தப் பணத்தத் தொடுவாரா? என்ன பேச்சு பேசுறீங்க நீங்க. எங்க வீட்டுச் சம்பந்தி மாதிரி வந்து உக்காந்து சாப்புட்டுருக்காரு."

இதை அவர் நடிக்கவில்லை. மொய் எழுதியவனும் வாங்கியவனும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். ஒருவனை விழவிட்டால் மற்றவன் பணமும் போகும் என்பதால் யாரும் யாரையும் விழவிட மாட்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குள் மேலாளரும் வந்துவிட்டார் என்று அவர் நம்பினார். எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். இயந்திரம் நோட்டுகளை விசிறி மாதிரி விரித்து விரித்து எண்ணியது. மாலைக்குள் எல்லாம் கணக்கில் ஏறிவிட்டது.

புதன்கிழமை சுவர் வேலைக்கு ஆள் வந்தது. செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்த காசோலை வியாழக்கிழமை திரும்பியது. வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் வங்கியில் இருந்தோம்.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொன்னார்.

"நின்ன தவணை, அதுக்கு அபராத வட்டி, அடுத்த தவணை எல்லாத்துக்கும் வரவு வச்சுட்டோம் சார். இப்ப உங்க லோன் சுத்தமா இருக்கு."

"சார், அது மொய்ப் பணம் சார்."

"கணக்குக்கு வந்துட்டா எல்லாம் வரவுதான் சார். அதுல மொய்னு எழுதியிருக்காது."

"நீங்களே எழுதுனீங்களே சார்."

"அது என் சொந்தப் பணம்" என்றார். சொல்லும்போது தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நான் கேட்டேன்: "சுவரு முடிஞ்சா மானியம் வரும். வந்தா உங்க அசலே பாதி அடையும். இப்ப வட்டிய எடுத்துக்கிட்டு அசல முழுகடிச்சுட்டீங்களே. இது பேங்குக்கே நட்டம் இல்லையா?"

"நீங்க சொல்றது சரிதான் சார்." உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். "ஆனா மானியம் எப்படியும் டிசம்பர் ஆயிரும். எனக்கு செப்டம்பரோட அரையாண்டுக் கணக்கு முடியுது. அதுக்குள்ள இந்த லோன் வாராக்கடன் பட்டியல்ல விழுந்துருந்தா என் பேருக்குத்தான் கேள்வி வரும்."

காபி வந்தது. என் தங்கை கணவர் அதைக் குடித்தார். முழுதும் குடித்தார். வெளியே வந்து வண்டியை எடுக்கத் தெரியாமல் சாவியைப் பின்பெட்டியில் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். மேலாளர் அந்த ஐப்பசியில் பதவி உயர்வில் திருச்சிக்கு மாறிப் போனார்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், அது வேகமாகத்தான் நடந்தது. சுவர் இடுப்பளவில் நின்றது. மார்கழியில் சான்றிதழ் தர வேண்டிய அரசுப் பொறியாளர் வந்து, வண்டியிலிருந்து இறங்காமலே பார்த்துவிட்டுத் திரும்பினார். மார்ச்சோடு நிதியாண்டு முடிந்து, மானியத்துக்கு ஒதுக்கிய தொகை வந்த வழியே போனது. வட்டி ஆறரையிலேயே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இறங்கும் இறங்கும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. அவர் லாரிகளை விற்றுச் சில தவணை கட்டினார். அந்தச் சில தவணைகளில் அசலுக்குப் போனது எவ்வளவு என்று அவருக்கு விளக்கினேன். அன்றிலிருந்து கொஞ்ச நாள் அவர் என்னோடு பேசவில்லை.

2024 ஆடியில் வங்கி வீட்டு வாசல் கதவில் ஏல அறிவிப்பு ஒட்டியது. அதே ஆடியில் மொய்க்காரர்களின் பத்திரிகைகளும் வரத் தொடங்கின. அவருக்கு எழுதியவர்களின் முறை வந்திருந்தது. அவர் உள்ளே படுத்துக்கொண்டு ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னதால், வந்தவர்கள் தங்கள் விருந்துப் பத்திரிகையைப் பசை தடவி ஏல அறிவிப்புக்கு மேலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். மஞ்சளும் சிவப்புமாகக் கதவு நிறைந்தது. அவர் ஒருநாள் கிழிக்கப் போனார். எதிரே நின்ற பங்காளி ஒருவர் சொன்னார்:

"பாத்துக் கிழிங்க. பேங்குக்காரன் ஒட்டுனதக் கிழிச்சா கேசுதான். நாங்க ஒட்டுனதக் கிழிச்சா ஊரு."

என் தங்கை தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் விற்றாள். விருந்து விருந்தாகத் தானே போனாள். ஆண்கள் வரிசையில் நின்று எழுதினாள். வாங்கிய தொகையை மட்டும் எழுதினாள், மேலே ஒரு ரூபாய் வைக்கவில்லை.

"கூட்டி எழுதலையாம்மா?" என்று ஒரு மேசையில் கேட்டார்கள்.

"ஏன், சாப்பாடு போட்டுக் குடுத்தோமே, அதக் கழிச்சுக்கங்க. ஒங்க வீட்டுக்கு அன்னைக்கு நாலு எலை."

அவள் சாப்பிடாமல் திரும்பி வந்தாள். விருந்தில் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருவது அந்த ஊரில் செருப்பை வீசுவதற்குச் சமம். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை.

வீட்டையும் தோப்பையும் ஏலத்தில் எடுத்தவர் உள்ளூர்த் தேங்காய் வியாபாரி. விருந்தில் எழுதியவர்தான், என் தங்கையிடம் கைநீட்டித் திரும்ப வாங்கியவர்தான். சாவி கொடுத்த அன்று, "ஆத்தா, முருங்கக்காய் மட்டும் வேணும்னா அப்பப்ப வந்து பறிச்சுக்கங்க" என்றார். நல்ல மனதோடு சொன்னார். அதுதான் தாங்கவில்லை என்று என் தங்கை பின்னால் சொன்னாள்.

விடுதியைத் திருச்சிக் கம்பெனி ஒன்று எடுத்தது. கடனில் ஒரு பகுதியை வங்கி அவர்களுக்குத் தள்ளுபடி செய்தது. என் தங்கை கணவர் ஒரு மாதத் தவணைக்கு இருபது நாள் அவகாசம் கேட்டும் கொடுக்காத வங்கிதான் அது. அரசும் மானியத்தைப் புதிதாக ஒதுக்கியது. கட்டி முடிக்காத கட்டடம் அரசுக்கும் அவமானம் அல்லவா. சுவரை அவர்கள் மூன்றே வாரத்தில் முடித்தார்கள்.

2025 பிப்ரவரியில், கிட்டத்தட்ட ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக, மைய வங்கி வட்டியைக் குறைத்தது. ஏப்ரலில் மறுபடி. ஜூன் முதல் வாரத்தில் ஒரே தடவையில் அரை சதவீதம். ஒப்பந்தம் போட்டு மூன்று வருடம் முடிந்து, விடுதியில் கட்டணத்தை உயர்த்தக்கூடிய முதல் கல்வியாண்டும் அந்த ஜூனில்தான் வந்தது. திருச்சிக்காரர்களுக்கு வட்டி இறங்கிய மாதத்திலேயே கட்டணம் ஏறியது. புதிய கட்டணம் வாசலில் பலகையில் எழுதித் தொங்கியது என்று அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார்.

தங்கையும் அவரும் அப்போது புதுக்கோட்டையில் என் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தார்கள். அவள் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போட்டாள். அவர் அதைப் பொட்டலம் கட்டினார். ஜூனில் வட்டி இறங்கிய மறுநாள், சனிக்கிழமை காலை நான் போனபோது அவர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அந்தச் செய்தியை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அப்படி மலர்ந்தது.

"மச்சான், நீங்க அன்னைக்கு மாறாத வட்டிய எடுக்கச் சொன்னீங்க. பாருங்க. எறங்கிருச்சு. நான் எடுத்ததுதான் சரி."

இறங்கியது உண்மைதான், அவர் கையெழுத்துப் போட்ட நாளின் நான்குக்கு இன்னும் வரவில்லை.

அடுப்படியிலிருந்து என் தங்கை கை நீட்டினாள். "படிச்சாச்சுல்ல? பேப்பர இங்கிட்டுக் குடுங்க. எண்ண வடியணும்."

அவர் செய்தி இருந்த தாளை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

"அதையும்" என்றாள்.